டிஸ்சார்ஜுக்குப் பிறகு எந்த வீடு?

போதை மறுவாழ்வு மையத்திலிருந்து கணவர் வெளியே வரும் தேதி தெரிந்ததும் மனைவியிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சேர்ந்து இருக்கப்போறியா, முடிச்சுக்கப்போறியா?" அம்மா நேராகக் கேட்பார். நாத்தனார் அழுதுகொண்டே கேட்பார். எதிர் ஃபிளாட் மாமி சுற்றி வளைத்து, "சார் ஊர்ல இல்லையோ, ஆபீஸ் டிரெய்னிங்கா?" என்று ஆரம்பிப்பார். அந்த வாரத்தில் பதில் சொல்லவே கூடாத கேள்வி இது. அப்போது தீர்மானிக்க வேண்டியது வேறு ஒன்று: அடுத்த ஒரு வருஷம் யார், எந்த வீட்டில், என்ன ஏற்பாட்டில் இருப்பது.

ஏன் ஒரு வருஷம்? மனநல மருத்துவர்கள் கையாளும் டி.எஸ்.எம்-5 வகைப்பாட்டில் குடிநோயின் அறிகுறிகள் மூன்று மாதம் தலைகாட்டாமல் இருந்தால் அது ஆரம்பகட்ட மீட்சி. 12 மாதம் தாண்டினால்தான் நிலைத்த மீட்சி. மையத்தில் கழித்த சில வாரங்கள் இந்தக் கணக்கின் வாசற்படி. நடுக்கமும் வியர்வையும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். தூக்கம் ஒழுங்காவதற்கும், எரிந்து விழுவது குறைவதற்கும், மனசு ஒரு வேலையில் நிற்பதற்கும் மாதக்கணக்கில் ஆகும். சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி சறுக்குகிறார்கள் என்று அமெரிக்காவின் தேசியப் போதை ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நோய்களில் பழைய நிலைக்குத் திரும்புகிறவர்களின் விகிதத்தோடு ஒப்பிட்டால் இது அதிகமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள ஒரு விஷயத்தில் முதல் நாளே "ஆயுசுக்கும்" என்று வாக்குக் கொடுப்பதும் "இனிமேல் இல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்வதும் ஒரே மாதிரி அவசரம்தான்.

என் கணவர் குடிநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர். அந்த அனுபவத்தையும், குடும்பத்தாருக்கான கூட்டங்களில் மற்ற பெண்கள் பேசக் கேட்டதையும் வைத்து, சென்னையில் நடைமுறையில் உள்ள நான்கு வழிகளை இங்கே எடைபோடுகிறேன். நேராக வீட்டுக்கு, மாமியார் வீட்டுக்கு, கொஞ்ச காலம் தனித்தனியாக, சட்டப்படிப் பிரிவு. மனைவிக்குப் போதைப் பழக்கம் இருந்து கணவர் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். ஆனால் அங்கே உறவுக்காரர்கள் ஆலோசனைக்கு நேரமே தருவதில்லை. ஒரே வாரத்தில் அவளை அம்மா வீட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள். ஆணுக்கு "திருந்திடுவான்", பெண்ணுக்கு "இப்படி ஒருத்தியா".

முதலில் ஒரு வடிகட்டல். அடி, கழுத்தைப் பிடித்தல், கத்தியைக் காட்டுதல், குழந்தைகள் மேல் கை வைத்தல் ஆகியவற்றில் எது நடந்திருந்தாலும் முதல் இரண்டு வழிகள் உங்களுக்கு இல்லை. "அதெல்லாம் குடியில செஞ்சது" என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. குடித்துவிட்டு மேனேஜரை அடித்தவர்கள் குறைவு. இன்னொன்று சந்தேகம். நீண்ட நாள் குடிப்பவர்களில் சிலருக்கு மனைவிமேல் ஆதாரமே இல்லாத சந்தேகம் நோயாகவே பற்றிக்கொள்ளும். குடி நின்ற பிறகும் அது சிலரிடம் தங்கிவிடும். போனைப் பிடுங்கிப் பார்ப்பது, பால்காரரிடம் பேசியதற்கு விசாரணை என்று முன்பு நடந்திருந்தால், டிஸ்சார்ஜுக்கு முன்பே மனநல மருத்துவரிடம் தனியாக உட்கார்ந்து அதைச் சொல்லிவிடுங்கள். அதற்குத் தனி மருந்து உண்டு. அவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல வேண்டாம்.

நேராக வீட்டுக்கு

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இது. காரணம் பாசம் மட்டுமில்லை, காசு. இரண்டு வாடகை கொடுக்க இந்த ஊரில் எத்தனை குடும்பத்தால் முடியும்? பிள்ளைகளின் பள்ளி மாறாது, அக்கம்பக்கத்துக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை, அவரும் சீக்கிரம் வேலைக்குப் போய்விடலாம்.

இந்த வழி சரியாக ஓடினால் மற்ற மூன்றையும்விட நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தம்பதியை ஒன்றாக உட்கார வைத்துச் செய்யும் சிகிச்சைமுறை ஒன்று உண்டு. அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் திமோதி ஓ'ஃபாரல். அதன் மையத்தில் இருப்பது தினமும் இரண்டு நிமிஷப் பேச்சு. எங்கள் வீட்டில் அது நடந்த விதம் இது: காலை ஆறரைக்கு அவர் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வருவார். "நேத்து குடிக்கல. இன்னைக்கும் குடிக்க மாட்டேன். கூட நிக்கறதுக்கு தேங்க்ஸ்." என் முன்னால் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடிப்பார். நான், "நேத்து குடிக்காம இருந்ததுக்குத் தேங்க்ஸ்ங்க" என்பேன். நகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் ஒரு டிக். முதல் வாரம் பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வார். ஆனால் அந்த ஏற்பாட்டில் இன்னொரு பாதி இருக்கிறது: அந்த இரண்டு நிமிஷத்துக்கு வெளியே நான் பழசை எடுக்கக் கூடாது, "இன்னைக்கு எங்க போனீங்க" என்று குடையக் கூடாது. பழைய கணக்கெல்லாம் கவுன்சலர் முன்னால்தான். அவருக்கு மாத்திரை கஷ்டம் என்றால் எனக்கு இது கஷ்டம்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. டைசல்ஃபிரம் என்பது பழைய மருந்து. மதுவோடு சேர்ந்தால் அது என்ன செய்யும் என்பதை 1948-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்தின பிறகும் சுமார் இரண்டு வாரம்வரை அதன் வேலை தொடரும். இருமல் டானிக்கில் இருக்கும் ஆல்கஹால்கூட வம்பு செய்யும். கல்லீரல் பரிசோதனை பார்த்து, டாக்டர் எழுதி, போட்டுக்கொள்பவர் சம்மதத்தோடு, இன்னொருவர் கண் முன்னால் போடும்போது நன்றாகப் பலன் தருகிற மருந்து இது. "அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று சுவரிலும் போனிலும் வருகிற விளம்பரங்களை நம்பி எதையாவது சாம்பாரில் கலக்கிற வேலை வேண்டவே வேண்டாம். தெரியாமல் மருந்து உள்ளே போனவர் அன்று மாலை குடித்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். குடிக்க வேண்டும் என்ற ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உண்டு. எது யாருக்கு என்பது டாக்டர் முடிவு.

இந்த வழி எங்கே உடைகிறது? மனைவி காவல்காரியாக மாறும் இடத்தில். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10-க்கு மூடும். ஆபீஸ் முடிந்து வீடு சேருவதற்குள் இருக்கிற அந்த ஒன்றரை மணி நேரம்தான் பெரும்பாலோருக்கு அபாயமான நேரம். அந்த நேரத்தை நிரப்ப வேண்டியது அவர்: வேறு பஸ் ரூட், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம், அங்கே வழிகாட்டும் மூத்த உறுப்பினரான ஸ்பான்சருக்கு ஒரு போன். அதை அவர் செய்யாமல், நீங்கள் பால்கனியில் நின்றுகொண்டு ஏழே காலிலிருந்து தெருவைப் பார்க்கிறீர்கள், வந்ததும் கிட்டே போய் மோப்பம் பிடிக்கிறீர்கள், பைக் டிக்கியைத் திறந்து பார்க்கிறீர்கள் என்றால், ஒரே வீட்டில் இருப்பது உங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். அவர் குடிக்காமலே இருக்கலாம். உங்களுக்கு உடம்பு போய்விடும்.

பணத்திலும் ஒரு தெளிவு வேண்டும். ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது வீரமாகத் தெரியும், ஆனால் யு.பி.ஐ. இருக்கிற காலத்தில் அதற்குப் பொருளில்லை. எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா செய்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. சம்பளம் வந்த அன்றே வாடகை, ஸ்கூல் ஃபீஸ், மளிகைக்கு உள்ளதை அவரே அவள் கணக்குக்கு மாற்றிவிடுவார். மீதிக் கணக்கின் எஸ்.எம்.எஸ். இருவருடைய நம்பருக்கும் வரும். கைமாற்றுக் கடன் பட்டியலை அவர் கையால் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினார்கள். அடகில் இருந்த அவளுடைய வளையல்தான் பட்டியலில் முதல். மன்னிப்பு கேட்பதைவிட வளையல் திரும்பி வந்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்ததாம்.

படுக்கையறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதற்காகப் பழையபடி ஒரே கட்டிலில் படுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பல பெண்களுக்கு உடம்பு பயத்தை மறக்க மனசைவிட அதிக நாளாகிறது. ஆண்களுக்கும் நீண்ட நாள் குடி உடலுறவில் சிக்கலை விட்டுச் சென்றிருக்கும், அது கோபமாக வெளிப்படும். "இன்னும் கொஞ்ச நாள் நான் பசங்களோட படுத்துக்கறேன்" என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே, கவுன்சலர் அறையில் வைத்துச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

மாமியார் வீடு

"பெரியவங்க முன்னாடி அடங்கி இருப்பான்" என்று சொல்லி, வாடகை வீட்டைக் காலி செய்யவைத்துக் கூட்டிப் போவார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: நான்கில் இதுதான் மோசம் என்பது என் கருத்து. அம்மா பணம் கொடுப்பார், தெரிந்தும் மறைப்பார். குடித்துவிட்டு வந்தால் "இவ என்ன சொன்னாளோ" என்ற பேச்சு வரும். மச்சானோ சித்தப்பாவோ ஞாயிற்றுக்கிழமை மாடியில் பாட்டில் திறப்பார்கள். கோயிலில் கயிறு கட்டியாச்சு, ஐயப்பனுக்கு மாலை போடவைத்தாச்சு, இனி கவலை இல்லை என்று மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். மாலை போட்டிருக்கும் மண்டலம் முழுக்க ஒரு சொட்டு தொடாதவர் மாலையைக் கழற்றின அன்றே கடைக்குப் போன கதை சென்னையில் எந்தத் தெருவிலும் கிடைக்கும். விரதம் பொய் இல்லை. அதற்கு முடியும் தேதி இருக்கிறது, நோய்க்கு இல்லை.

விதிவிலக்கு ஒன்று பார்த்திருக்கிறேன். மாமியார் தானும் மையத்தின் குடும்ப வகுப்புகளுக்கு வந்து உட்கார்ந்தவர். மகன் பணம் கேட்டபோது, "உன் பொண்டாட்டிகிட்ட கேளுப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அப்படி ஒரு அத்தை உங்களுக்கு வாய்த்திருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள்.

கொஞ்ச காலம் தனித்தனியாக

நம் ஊரில் இதற்கு மரியாதையே இல்லை. புருஷன் பெண்டாட்டி என்றால் ஒரே கூரை, இல்லையென்றால் கோர்ட்; நடுவில் எதுவும் கிடையாது என்ற நினைப்பு. ஆனால் இரண்டாவது, மூன்றாவது முறை சிகிச்சைக்குப் போய் வருகிறவர் என்றால் நான் முதலில் சிபாரிசு செய்வது இந்த நடுவழியைத்தான். ஆறு மாதம் என்று தேதி குறித்து, எழுதி வைத்து, தனித்தனியாக இருப்பது.

யார் வெளியேறுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமாக மனைவிதான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறாள். ஊரப்பாக்கத்தில் அம்மா வீடு, பெரம்பூரில் பள்ளிக்கூடம் என்றால் அந்தப் பிள்ளை தினமும் என்ன பாடுபடும்? அண்ணி முகம் மூன்றாம் மாதத்திலிருந்து மாறும். அம்மா வீட்டில் சும்மா இருக்கக் கூடாதென்று இவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். காலியான வீட்டில் அவர் தனியாக இருப்பார். குடியிலிருந்து மீளுகிறவருக்குத் தனி வீடு போல ஆபத்தான இடம் கிடையாது. என் பார்வையில் வெளியே இருக்க வேண்டியவர் அவர். பிள்ளைகளும் அவளும் இருக்கிற வீட்டிலேயே இருக்கட்டும்.

அவர் எங்கே இருப்பது? சில மையங்கள் சிகிச்சைக்குப் பிந்தைய தங்குமிடம் வைத்திருக்கின்றன. ஆஃப்டர்கேர் என்பார்கள். அங்கிருந்தே வேலைக்குப் போகலாம், இரவு திரும்ப வேண்டும், கூட்டங்களுக்கு வர வேண்டும். என் கணவர் அப்படி இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். மேலே சொன்ன காலை நேரப் பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இன்னொரு வழி, சில வருஷமாகக் குடிக்காமல் இருக்கும் ஏ.ஏ. நண்பரோடு அறை பகிர்ந்துகொள்வது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ரூம் போடுவது மட்டும் வேண்டாம். வாடகை குறைவுதான், யாரும் யாரையும் கேட்காத இடம் என்பதுதான் சிக்கல்.

மையத்தைத் தேடும்போது ஒன்று பாருங்கள்: குடும்பத்தாருக்குத் தனியாக வகுப்பு உண்டா? சென்னையில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. குடிநோயில் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, நம் ஆட்கள் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று சொல்லும் அந்த அடையாறு மையம், குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்தே நடத்தி வருகிறது. "நோய் அவருக்கு, எனக்கு எதுக்கு கிளாஸ்?" என்று முகம் சுளித்துக்கொண்டு வருகிற பெண்கள்தான் கடைசியில் அதிகம் பேசுவார்கள்.

தனித்தனியாக இருப்பதில் எழுத வேண்டியவை சில. ஞாயிறு எத்தனை மணிக்கு வந்து பிள்ளைகளைப் பார்ப்பார்; குடித்திருந்தால் கதவு திறக்கப்படாது; மாதம் எந்தத் தேதிக்கு எவ்வளவு பணம்; பிள்ளைகளிடம் என்ன சொல்வது. பிள்ளைகளிடம் பொய் வேண்டாம். எட்டு வயசுப் பிள்ளைக்கும், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்ப சரியாகிட்டு வர்றாரு, அதுவரைக்கும் வேற இடத்துல தங்கறாரு, உன்னால ஒண்ணும் இல்ல" என்பது புரியும். அந்தக் கடைசி வார்த்தைகளை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் தங்களால்தான் என்று நினைத்துக்கொள்வதை நிறையப் பார்த்தாயிற்று.

"தனியா இருந்தா நாளைக்கு நீதான் விட்டுட்டுப் போனேன்னு கேஸ் போட்டுடுவான்" என்று பயமுறுத்துவார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் கைவிட்டுச் செல்லுதல் என்ற காரணத்துக்கு இரண்டு வருஷம் தொடர்ச்சியாக, நியாயமான காரணமும் மறுதரப்பின் சம்மதமும் இல்லாமல் விலகியிருக்க வேண்டும். சிகிச்சைக்காக, இருவரும் கையெழுத்திட்டு, ஆறு மாதம் தனியாக இருப்பது அந்த வகைக்குள் வராது. ஆகவேதான் எழுதி வைக்கச் சொல்கிறேன். மையத்தின் கவுன்சலர் கையெழுத்தும் இருந்தால் நல்லது.

குறை இல்லாத வழி இல்லை இதுவும். சிலர் இந்த ஆறு மாதத்தில் விடுதலை ருசி கண்டு திரும்பி வருவதில்லை. சிலருக்கு, "என்னைத் துரத்திட்டா" என்பதே குடிக்கச் சாக்காகிறது. பெண்களில் சிலருக்குத் தனியாக இருந்த நிம்மதி பிடித்துப்போய், அவர் ஒழுங்காகத் திரும்பி வந்தும் மனசு ஒட்டுவதில்லை. இந்தக் கடைசியைக் குற்றமாக நான் நினைக்கவில்லை. அவளுக்கு ஒரு தகவல் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சட்டப்படிப் பிரிவு

கோர்ட் என்றதும் விவாகரத்து மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. இந்துத் திருமணச் சட்டம் 1955-ன் 10-வது பிரிவில் நீதிமன்றப் பிரிவு என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. திருமணம் அப்படியே இருக்கும். சேர்ந்து வாழ வேண்டிய கடமை நீங்கும். பின்னால் சேர நினைத்தால் அந்த உத்தரவை ரத்து செய்யக் கேட்கலாம். ஒரு வருஷம் சேராமலே போனால், அதையே காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்கலாம். முடிவெடுக்க முடியாமல், ஆனால் காகிதத்தில் பாதுகாப்பு வேண்டும் என்கிற பெண்ணுக்கு இது நல்ல கருவி. வக்கீலிடம் நீங்களாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

விவாகரத்துக்கு வந்தால்: குடிப்பழக்கம் என்பது அந்தச் சட்டத்தில் தனிக் காரணமாக இல்லை. குடித்துவிட்டுச் செய்த கொடுமைதான் காரணமாக எடுபடும். அதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீஸ் புகாரின் ரசீது, வாட்ஸ்அப் செய்தி எல்லாம் வேண்டும். இருவரும் சம்மதித்தால் 13-பி பிரிவு. மனு போடுவதற்கு முன் ஒரு வருஷம் கணவன் மனைவியாக வாழாமல் தனித்திருக்க வேண்டும். மனுவுக்குப் பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. பொருத்தமான வழக்குகளில் இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, தனித்தனியாக இருந்த காலம் வீணாவதில்லை. பின்னால் பிரிய நேர்ந்தாலும் அது கணக்கில் சேரும். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு, வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

பிரிவே வேண்டாம், பாதுகாப்பு மட்டும் வேண்டும் என்றால் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. எல்லா மதத்தாருக்கும் பொதுவானது. வீடு அவர் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தேவைப்பட்டால் அவரையே வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மாமனார் பெயரில் உள்ள வீடும் நீங்கள் சேர்ந்து வாழ்ந்த வீடாக இருந்தால் இதில் அடங்கும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் வழியாக மனு போடலாம். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட உதவி கிடைக்கும். அழைக்க வேண்டிய எண் 15100. உடனடி ஆபத்தென்றால் 181.

இந்த வழி யாருக்கு? வன்முறை இருந்த வீடுகளுக்கு; சிகிச்சைக்கே வர மறுத்தவர், அல்லது ஒவ்வொரு முறையும் மருந்தைப் பாதியில் எறிந்தவர் வீடுகளுக்கு; சொத்தையும் நகையையும் கடனாக்கிக்கொண்டே போகிறவர் வீடுகளுக்கு. முதல் முறை சிகிச்சை முடித்து, டாக்டர் சொன்னதையெல்லாம் செய்துகொண்டிருப்பவருக்கு எதிராக அந்த மாதமே கோர்ட்டுக்குப் போவது எனக்கு அவசரமாகத் தெரிகிறது. அதற்காக யாரையும் நான் தடுக்க மாட்டேன். பத்து வருஷம் தாங்கினவளிடம் "இன்னும் ஒரு வருஷம்" என்று சொல்ல நான் யார்?

எதை வைத்து முடிவு செய்வது

நான் வைத்துப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வழி சரிப்பட்டு வரவில்லை என்றால் அதிலிருந்து திரும்ப எவ்வளவு செலவாகும்? மாமியார் வீட்டுக்குப் போக வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டால், திரும்ப வரப் புது அட்வான்ஸ் வேண்டும். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று வாடகைச் சட்டம் சொல்கிறது. வீட்டு புரோக்கர் அதைக் கேட்டுச் சிரிப்பார். நேராக வீட்டுக்கு வரவழைத்து, நாலு மாதத்தில் அவரை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் பெரும் போராட்டம். அவர் முதலில் வெளியே இருந்துவிட்டு உள்ளே வருவது, உள்ளே இருந்துவிட்டு வெளியே போவதைவிட எல்லோருக்கும் சுலபம். முதல் முறை சிகிச்சை, வன்முறை இல்லை, அவருக்கு வேலை இருக்கிறது, அவரே கூட்டங்களுக்குப் போகிறார் என்றால் நேராக வீடு. மற்றபடி நடுவழி.

எந்த வழியானாலும் சறுக்கினால் என்ன செய்வது என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே பேசிவிட வேண்டும். ஒரு நாள் குடித்துவிட்டு மறுநாள் தானே வந்து சொல்லி டாக்டரிடம் போகிறவரையும், மூன்று வாரம் மறைத்துப் பிடிபடுகிறவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முன்னதற்கு மருந்தும் கூட்டமும் கூடும்; பின்னதற்கு வீடு மாறும். நாங்கள் அப்படித்தான் எழுதியிருந்தோம். நாள்பட்ட குடியர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால், மறுபடி தொடர்ந்து குடிக்க ஆரம்பித்தவரை வீட்டில் அடைத்து வைத்துத் தெளியவைக்கப் பார்க்க வேண்டாம். ஆஸ்பத்திரிதான். கையில் பணமில்லையென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது.

உங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951-ல் அமெரிக்காவில் தொடங்கியது. சென்னையிலும் கூட்டங்கள் நடக்கின்றன. காசு கிடையாது, பெயரைக்கூட முழுசாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே முதலில் காதில் விழுவது: இந்த நோயை நீ உண்டாக்கவில்லை, உன்னால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. அங்கே போய் வர, சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. அவர் ஏ.ஏ.-வுக்குப் போகிறாரா என்று கணக்கெடுக்கிற நேரத்தில் நீங்கள் இங்கே போய் வரலாம்.

அடுத்த வாரம் டிஸ்சார்ஜ் என்றால் இந்த வாரம் செய்ய வேண்டியது: மையத்தில் கவுன்சலரோடு மூவரும் உட்காரும் ஒரு நேரம் கேளுங்கள். எங்கே தங்குவது, மருந்து யார் முன்னால், பணம் எப்படி, சறுக்கினால் என்ன, எப்போது மறுபடி உட்கார்ந்து பேசுவது என்ற ஐந்தையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அன்று பூ, பழத்தோடு காரில் வந்து நிற்கும் உறவுக்காரர்களை ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். அடுத்த மூன்று மாதத்தில் வரும் காதுகுத்து, ரிசப்ஷன் பத்திரிகைகளை எடுத்து வைத்து, எதற்குப் போவது, எதற்கு மொய் மட்டும் அனுப்புவது என்று இப்போதே பிரித்துவிடுங்கள். கவுன்சலர் கிடைக்கவில்லையென்றால் போதை மீட்புக்கான 14446, மனநல ஆலோசனைக்கான 14416 இருக்கின்றன. 14416-ல் தமிழில் பேசலாம்.